பன்னிரண்டு மணிக்குக் கத்தாத மெஷின்

"ஐயய்யோ...!"

மோனிகாவின் அலறலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த பிஸ்கட் ஃபேக்டரியின் இரண்டு பேக்கிங் லைன்களும் நின்றுபோயின.

மேனேஜர் சந்திரமோகன் தன் கேபினில் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். முதுகில் ஆழமான குத்து. கத்தியைக் காணோம்!

பகல் மணி பன்னிரண்டு ஐந்து.

ஒரு மணிக்கு இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி வந்தாள். பின்னாலேயே கான்ஸ்டபிள் கலியனும், அவருக்கு முன்னாலேயே அவர் தொப்பையும்.

"கேட்ட மூடிட்டாங்கோ மேடம். செக்யூரிட்டிங்க எல்லாரையும் தடவிப் பாத்தாச்சாம். கத்தி இல்ல."

"பிஸ்கட் பெட்டிங்க?"

"அதெல்லாம் மெட்டல் டிடெக்டர் வழியாத்தான் வெளிய போவுது, லைனுக்கு ஒரு மெஷின். குண்டூசி இருந்தாலே கத்துமாம். இன்னிக்கு கத்தவே இல்லியாம்."

"இவரோட காலைல சண்டை போட்டது யாரு?"

கலியன் மோனிகாவைக் காட்டினார். குவாலிட்டி செக்கர். வயது இருபத்து மூன்று. பிஸ்கட்டில் கம்பித்துண்டு இருந்ததாக யாரோ புகார் அனுப்ப, மேனேஜர் அவளை அத்தனை பேர் எதிரிலும் கிழிகிழியென்று கிழித்திருந்தார்.

"'உங்கள சும்மா வுட மாட்டேன்'னு சொன்னியாமே?"

"கோவத்துல சொல்ட்டேன் மேடம். சத்தியமா நான் குத்தல! மணிக்கு ஒருவாட்டி ஸ்டீல் குண்டு வச்ச டெஸ்ட் பீஸ மெஷின்ல வுடணும். அது கத்தணும். பன்னெண்டு மணிக்கு ரெண்டாவது லைன்ல வுட்டேன்... கத்தல! அத்த சொல்லத்தான் சார் ரூமுக்குப் போனேன். பாத்தா..."

தமிழ்செல்வி பரிசோதனை நோட்டைப் பிரித்தாள்.

பன்னிரண்டு மணி... ஓகே! கீழே மோனிகாவின் கையெழுத்து.

"கத்தலங்கிற. ஓகேன்னு எழுதியிருக்க?"

மோனிகா தரையைப் பார்த்தாள்.

"அது... காலைலயே எழுதிடுவோம் மேடம். அஞ்சு மணி வரைக்கும்."

உண்மைதான்! மணி இன்னும் ஒன்றரை ஆகவில்லை. நோட்டில் மூன்று மணி ஓகே, நான்கு மணி ஓகே, ஐந்து மணி ஓகே. ஜோசியக்காரன் கூட இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டான்.

"இன்னிக்கு திட்டு வாங்குனதால, மொதவாட்டியா நெஜமாவே செக் பண்ணேன் மேடம்!"

"பொய் மேடம்!"

டை கட்டிய ஒருவன் முன்னால் வந்தான்.

"ஐ ஆம் தணிகைவேல். ரெண்டாவது லைன் மெஷின் எங்க கம்பெனியோடது. வாரண்டி சர்வீஸுக்கு காலைலயே வந்தேன். இப்ப பாருங்க!"

டெஸ்ட் பீஸை பெல்ட்டில் வைத்தான்.

பீப்! பீப்! பெல்ட் நின்றது.

"ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்டீல் குண்டு! ஒவ்வொரு மெஷினையும் மூணு நாள் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய அனுப்புவோம். அஞ்சு வருஷ வாரண்டி! மொத லைன்ல இருக்கிற கம்பெனி ஒரு வருஷம்தான் குடுப்பான். அதுவும் பிஸ்கட் தூள் பட்டா செல்லாதாம். பிஸ்கட் ஃபேக்டரில பின்ன சிமென்ட்டா பறக்கும்?"

கலியன் சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மோனிகா கைகூப்பினாள். அழுகை முட்டியது.

"மேடம்... நான் ஜெயிலுக்குப் போனா எங்க ஊடே போச்சு மேடம்! ரெண்டாவது லைன் பெட்டிங்கள மொத லைன் மெஷின்ல ஒருவாட்டி வுட்டுப் பாருங்க. கால்ல வுழறேன்!"

"அந்த டப்பாலயா?" தணிகைவேல் உதட்டைப் பிதுக்கினான்.

லாரியில் ஏறிய பெட்டிகள் இறங்கின. ஒன்று... இரண்டு... ஐம்பது... நூறு...

நூற்றுப் பதினேழாவது பெட்டியில்...

பீப்!

பாக்கெட்டுகளுக்கு நடுவே ரத்தக் கறையோடு ஒரு ஸ்டீல் கத்தி!

"பேஜாரே வாணாம் மேடம்!" கலியன் துள்ளினார். "மெஷின் கத்தாதுன்னு இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும். இதுதான் ஒளிச்சிருக்கு!"

மோனிகாவின் முகம் வெளுத்தது. தானே தேடிக்கொடுத்த கத்தி தன்னையே மாட்டிவிட்டதே!

தமிழ்செல்வி நிதானமாகத் தலையாட்டினாள்.

"எழுதிக்கோங்க கலியன். 'ரெண்டாவது லைன் மெஷின் வெறும் டப்பா. ஆறு அங்குலக் கத்தியே அதுக்குத் தெரியல. ஒரு வருஷ வாரண்டி மெஷின் உடனே புடிச்சிடுச்சு.' பேப்பர்காரங்களுக்கும் இதையே சொல்லிடுங்க."

"மேடம்! அப்படி எழுதாதீங்க!" தணிகைவேலின் குரல் உடைந்தது. "சர்வீஸ் மோடுல போட்டா எந்த மெஷினும் கத்தாது! பெல்ட் மட்டும் ஓடும்!"

"யார் வேணா போடலாமா?"

"கண்டவன் கை வைக்க இது என்ன மிக்ஸியா? பாஸ்வேர்ட் வேணும்!"

"அது யார்கிட்ட இருக்கு?"

தணிகைவேலின் கை டை முடிச்சுக்குப் போனது.

தமிழ்செல்வி அவன் அருகில் வந்தாள்.

"ஒண்ணு, உன் மெஷின் டப்பா. இல்லைன்னா, நீ கொலைகாரன். எதை எழுதட்டும்?"

'டப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை! சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். தணிகைவேல் வாயைத் திறந்தான்... மூடினான்... மறுபடி திறந்தான்...

"மெஷின் நல்ல மெஷின் மேடம்!" என்று வெடித்தான். "கத்திய வச்ச பெட்டி தாண்டிப் போறதுக்காக கால் மணி நேரம்தான் நிறுத்தி வச்சேன். அந்த மேனேஜரும் அதை டப்பான்னுதான் சொன்னான். தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு லைனுக்கும் அந்த ஒரு வருஷ வாரண்டிக்காரனுங்க மெஷினையே வாங்கப் போறேன்னான். மேஜைல கத்தி இருந்துச்சு... தாங்க முடியல மேடம்!"

மோனிகா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கலியன் அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், கொஞ்சம் வெட்கத்தோடு.

விலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறும்போது தணிகைவேல் திரும்பினான்.

"மேடம்... மெஷின் நல்லதுன்னு எழுதுவீங்க இல்ல?"

"எழுதறேன். நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. புழல் ஜெயில் வாசல்லயும் ஒரு மெட்டல் டிடெக்டர் வச்சிருக்காங்க. உள்ள போறப்ப எந்தக் கம்பெனின்னு பாத்துச் சொல்லு!"