போலி உடல்

அந்தத் தகரப் பெட்டி மூச்சு விடக் கூடாது. மனித நெஞ்சில் மின்சாரம் எவ்வளவு தடைபடுமோ அதே அளவு தடைபடும்படி ஊர்மஸ் சில உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய போலி உடல் அது. ஆனால் அதோடு இணைத்திருந்த, லீலோ வடிவமைத்த மூச்சளக்கும் கருவியின் திரையில் கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"உன் ஆம்ப்ளிஃபயர் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, வேற என்ன?" ஊர்மஸ் குளிரங்கியை மாட்டிக்கொண்டான். "நாளைக்குப் பச்சக்குழந்தைங்க வார்டுலேருந்து கருவியப் பாக்க வர்றாங்க. அப்பவும் ஆடிச்சுன்னா வேலைய என்கிட்ட குடுத்துட்டு நீ காபி போடு."

"வாய மூடிட்டுக் கிளம்பு."

கதவு சாத்திக்கொண்டது. தாலின் நகரத்துப் பனிக்காலம், மதியமே இருட்டிவிட்டிருந்தது. ஈரக் கம்பளியும் ஈயப் பற்றவைப்புப் புகையும் கலந்த வாடை. இருமல் என்று பாலர் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்ட நான்கு வயது மகள் த்ரீனு, பின்னால் சோபாவில் அம்மாவின் குளிரங்கிக்குள் சுருண்டு தூங்கினாள். அவள் இருமும்போதெல்லாம் கோடு துள்ளியது. தரை அதிர்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள் லீலோ.

ஆடும் மின்சுற்றை அடக்க வழி தெரியாதவளா அவள்? பின்னூட்டப் பாதையில், ஆட்டத்தை மழுக்கும் சின்ன மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தாள். அலை சிறுத்தது. ஆனால் வேகமெடுத்தது.

"அம்மா... சட்டை இறுக்குது."

"பொத்தானக் கழட்டிக்கோ கண்ணு. ஒரே நிமிஷம்." அவள் திரும்பவில்லை.

அடுத்த மின்தேக்கி, பெரியது. கோடு நடுங்கியது. இன்னும் பெரியது. நடுக்கம் ஒரு நூலானது. பிறகு அதுவும் இல்லை. நேர்கோடு. சனியன், ஒழிந்தது. லீலோ சத்தமாகவே சிரித்தாள்.

அறை அமைதியாக இருந்தது. இருமல் இல்லை.

திரும்பினாள். த்ரீனுவின் உதடு நீலம். விரல்கள் சட்டைப் பொத்தானிலேயே நின்றிருந்தன.

ஓடினாள். உலுக்கினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். திரும்ப ஓடி, சூடாறாத மின்தேக்கிகளை வெறுங்கையால் பிய்த்தெறிந்தாள். தோல் பொசுங்கியது. கோடு ஏறியது. இறங்கியது. நிதானமாக, ஆழமாக.

குழந்தையை வாரி மேசைக்குத் தூக்கி வந்தாள். நெஞ்சில் காது வைத்தாள். ஒன்றுமில்லை. திரையில் கோடு ஒருமுறை துள்ளியது, இருமல் போல.

மனித உடலில் மாட்டும் கருவி என்பதால் அதைச் சுவர் மின்சாரத்தில் இணைப்பதில்லை. பாட்டரிதான். கருவியை நிறுத்தாமல் அதை மாற்ற வழியில்லை.

பாட்டரி விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியிருந்தது. கோடு ஏறியது. இறங்கியது. அவள் கைகளில் த்ரீனு குளிர்ந்துகொண்டிருந்தாள்.