பதினெட்டு டாக்டர்

டாக்டரின் கைக்கடிகாரம் அன்றைக்கு மூன்றாவது தடவையாக முழங்கை வரை இறங்கியது. மேசை விளக்கைப் போடக் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். பத்து வருஷமாக மணிக்கட்டில் தடம் விழும்படி இறுகிக் கிடந்த தோல்வார் சரசரவென்று ஓடி, மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டின் கையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நேற்றுதான் அந்த வாரில் ஆணியை வைத்துப் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். முந்தாநாளும் ஒன்று போட்டிருந்தார்.

"இளைச்சுட்டீங்க சார்," என்றாள் சிஸ்டர், கட்டுத்துணிகளை மடித்து அடுக்கியபடி. பன்னிரண்டு வருஷமாக இங்கே வேலை பார்ப்பவள். அக்கறையோடு சொன்ன மாதிரி இல்லை. பார்த்ததைச் சொன்னாள்.

"சர்க்கரையா இருக்கும். நாளைக்கு ரத்தம் பாத்துடுவோம்."

சர்க்கரை என்றால் உடம்பு இளைக்கும், சரி. மேசை உயருமா? காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து மேசை விளிம்பு நெஞ்சுக்கு நேராக இருந்தது. நாற்காலியைத் திருகி ஏற்றினார். ஏற்றிய பிறகு கால் தரைக்கு எட்டவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு கொட்டியதில் மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டு கிடந்தது. ஈரச் சுவரின் வாடையும், பக்கத்து இருட்டறையிலிருந்து எக்ஸ்ரே படம் கழுவும் மருந்தின் புளிப்பு நெடியும் கலந்து மூக்கில் ஏறின. ஷூவின் நுனியால் தரையைத் துழாவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஊரில் அவருக்குப் பதினெட்டு டாக்டர் என்று பெயர். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணத்தைப் பதிய வேண்டுமென்றால், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பார்த்து வயது எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். இவர் எழுதுவது எப்போதும் ஒரே வயதுதான். பால்பல் விழுந்த ஓட்டையோடு சிரிக்கிற பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பதினெட்டு. கேட்டால், "அவங்க வழக்கம், நாம யாரு தடுக்க?" என்பார். பெரிய குடும்பங்கள் இவரைக் கண்டால் எழுந்து நின்றன. கல்யாண வீடுகளில் முதல் வரிசை நாற்காலி இவருக்கென்று காத்திருந்தது. அந்த நாற்காலிக்காகத்தான் அத்தனையும். மகராசன், வேறு எதற்கும் ஆசைப்பட்டவரில்லை.

சான்றிதழோடு அனுப்பும் படம் அந்தந்தப் பெண்ணுடையது அல்ல. எப்போதோ கை முறிந்து வந்த ஒரு கூலிக்காரியின் படம். அவளுக்கு நிஜமாகவே பதினெட்டு முடிந்திருந்தது. அதையே நகலெடுத்து நகலெடுத்து எல்லோருக்கும் வைத்தார். நிஜப் படங்களை அன்றன்றைக்கே எரித்திருக்கலாம். மனசு வரவில்லை. எலும்பைப் பார்த்து வயது சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம். அதனால் ஒவ்வொரு படத்தின் உறையிலும், மூலையில், பென்சிலால் சின்னதாகச் சரியான வயதை எழுதி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினொன்று. பத்தரை. பன்னிரண்டு, மூன்று மாதம். ஆக, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இந்த மனுஷனுக்கு வழியே இல்லை. அத்தனையும் அவர் கையெழுத்தில் இருக்கிறது.

தரகர் வாசலில் குடையை உதறிவிட்டு, தனக்கு முன்னால் சிரிப்பை அனுப்பியபடி உள்ளே வந்தார். கொழுத்த மணிக்கட்டில் தங்க நிறச் சங்கிலிக் கடிகாரம் சதைக்குள் புதைந்திருந்தது. பின்னாலேயே ஒரு சிறுமி. இரட்டைப் பின்னல். நனைந்துவிடக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல பதியணும் டாக்டர். மாப்பிள்ளை கார்லயே இருக்காரு. வயசானவரு, மழைல நனைய வேணாமேன்னு நான்தான் இருக்கச் சொன்னேன்."

"வயசு?"

"பதினெட்டு," என்றார் தரகர்.

"பதினொண்ணு சார்," என்றாள் சிறுமி. "ஆறாவது படிக்கறேன். நாளைக்குப் பரீட்சை இருக்கு."

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரும் கூடச் சிரித்து வைத்துவிட்டு அவரிடம் சொன்னார்: "பயத்துல எல்லாப் பொண்ணும் ஏதாவது உளறும். காதுல வாங்காதீங்க."

சிஸ்டர் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மேசையில் போட்டாள். "சார், இது குழந்தை சார்."

"உன் வேலையைப் பாரும்மா."

"போன வருஷம் சிவப்பு ரிப்பன் கட்டிட்டு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கை வைக்கச் சொன்னா ரெண்டு கையையும் வெச்சுதே. அது பிரசவத்துல போயிடுச்சு. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ரிப்பனைக்கூட யாரும் அவுக்கல சார்."

"நாம என்னம்மா பண்றது? அது விதி."

"நீங்க எழுதினது சார் அது," என்றாள் சிஸ்டர். அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டாள். அவள் குடை ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

டாக்டர் சிறுமியை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போய்க் கனத்த கதவைச் சாத்தினார். படம் வைத்த தகட்டின் மேல் அவள் கையை விரித்து வைத்தார். சில்லென்றிருந்த சின்னக் கை. அவர் கைக்கும் அதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லாதது போல ஒரு கணம் தோன்றியது. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்தான். மூச்சை அடக்கு. அசையாம இரு."

கையைப் படம் எடுக்க மூச்சை அடக்கத் தேவையில்லை. அவர் பழக்கம் அப்படி. எல்லாப் பெண்களிடமும் அதைத்தான் சொன்னார், எல்லாப் பெண்களும் அடக்கினார்கள். பொத்தானை அமுக்கினார். இயந்திரம் ஒரு முறை உறுமி ஓய்ந்தது.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். தொட்டி மருந்தில் படத்தை அமிழ்த்தி, ஆட்டி, வெள்ளை எலும்புகள் மேலே வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மூலைக்கு மூலை ஒரே கறுப்பு. கதிர் பட்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. நடுவில் கை இருந்ததற்குத்தான் அடையாளமே இல்லை. இன்னொரு படம் எடுத்தார். அதுவும் கறுப்பு. வேர்த்துக் கொட்டியது. இயந்திரம்தான் கெட்டுவிட்டது, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரிபார்க்க ஒரு கை வேண்டும். சிறுமியை முன்னறைக்குப் போகச் சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தகட்டின் மேல் வைத்து, ஒயரில் தொங்கிய பொத்தானை வலது கையால் அமுக்கினார்.

அந்த உறுமலுக்குள் யாரோ மூச்சை இழுத்து அடக்கிய சத்தம் கேட்டது. அவர் இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

மூன்றாவது படம் நன்றாகவே வந்தது. அதுதான் பயங்கரம். எலும்பின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே கறுப்புக் கோடு, விரலுக்கு விரல், இன்னும் மூடாமல். மணிக்கட்டுச் சில்லுகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தன. அவருடைய சுண்டுவிரல் வளைவு அப்படியே இருந்தது, படிக்கிற காலத்தில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். அவர் கைதான். அறுபது வயதுக் கை. அதற்குள் ஒரு குழந்தையின் எலும்பு.

பழகிய கண் தானாகக் கணக்குப் போட்டது. பழகிய கை தானாகப் பென்சிலைத் தேடியது. உறையின் மூலையில் எழுதிய பிறகுதான் எழுதியது அவருக்கே உறைத்தது.

பத்தரை.

முன்னறையில் அலமாரி சத்தம் போட்டது.

எலி என்று நினைத்தார். எலி இப்படிச் சத்தம் போடாது. எக்ஸ்ரே படத்தை ஓரத்தில் பிடித்து ஆட்டினால் 'வ்வாப்' என்று ஒரு சத்தம் வருமே, அது. ஒரு படம். பிறகு இரண்டு. பிறகு அலமாரிக்குள் இருந்த அத்தனையும், யாரோ ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. சாவி அவர் பையில் இருந்தது. கையை விட்டுப் பார்த்தார். பை தொடைக்குக் கீழே எங்கோ தொங்கியது.

கால்சட்டை வழிந்து தரையில் மடிந்து கிடந்தது. வெள்ளைக் கோட்டின் ஓரம் தரையில் புரண்டது. அடி எடுத்து வைத்தார். ஷூ வரவில்லை. கால் மட்டும் வந்தது.

முன்பல் ஒன்று ஆடியது. நாக்கால் தொட்டார். விழுந்தது. உள்ளங்கையில் துப்பினார். சின்னப் பல். வேர் இல்லாத பல்.

"ஐயோ," என்றார். அந்தக் குரல் அவருடையது இல்லை. மெல்லிசாக, கீச்சென்று இருந்தது.

கதவுக் கைப்பிடி முகத்துக்கு நேராக இருந்தது. எப்போதும் இடுப்பளவில் இருப்பது. இரண்டு கையாலும் தொங்கிப் பிடித்து இழுத்தார். கதவு மெதுவாகத் திறந்தது.

அவர் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ரிப்பன்.

அவளுக்குப் பின்னால் அலமாரி திறந்து கிடந்தது. உறைகள் எல்லாம் காலி. சுவரோரம், ஜன்னலோரம், படுக்கையைச் சுற்றி, நிற்க இடமில்லாமல் சிறுமிகள். ஒவ்வொருத்தியும் இடது கையை விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தாள். யாரும் மூச்சு விடவில்லை. அவர்தான் அடக்கச் சொன்னார். விடச் சொல்ல மறந்துபோயிருந்தார்.

தரகர் இருந்த இடத்திலேயே இருந்தார். எதையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. டாக்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "என்னம்மா, முடிஞ்சுதா? பயந்துட்டியா?"

"யோவ்! நான் டாக்டர்யா! என்னைப் பாருய்யா!"

தரகர் நாற்காலிப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாருங்க டாக்டர், என்னென்னமோ சொல்லுது."

"பயத்துல எல்லாப் பொண்ணும் ஏதாவது உளறும்," என்றாள் சிவப்பு ரிப்பன். "காதுல வாங்காதீங்க."

வாசலில் ஈரக் காலடி. சிஸ்டர். குடைக்காகத் திரும்பி வந்திருந்தாள். டாக்டருக்கு உயிர் வந்தது. "சிஸ்டர்! சிஸ்டர், நான்தான்!" என்று கத்தினார். அவள் நின்றாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கீழே இறங்கிக் கிடந்த கால்சட்டையை, வெறுங்காலை, முழங்கையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆணியிலிருந்து குடையை எடுத்தாள். மூலையில் செருப்பும் கையுமாக நின்ற சிறுமியிடம் போய்க் குனிந்தாள்.

"வா கண்ணு. வீட்டுல கொண்டு விடறேன். பரீட்சைக்குப் படிக்கணும்ல?"

"கல்யாணம், அக்கா?"

"அதுக்கு ஆள் கெடச்சாச்சு," என்றாள் சிஸ்டர். இரண்டு பேரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள். சிறுமி திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருட்டறையில் அவர் விட்டுவந்த மூன்றாவது படம் எப்படியோ சிவப்பு ரிப்பன் கையில் இருந்தது, அதை வெளிச்சத்தில் பிடித்தாள். வ்வாப். உறையின் மூலையில் இருந்த பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவருக்கே தெரியும், சரியான வயது, ஒரு மாதம்கூடப் பிசகாது. பிறகு அவள் அவருடைய பேனாவை எடுத்து, சான்றிதழில், அவருடைய கையெழுத்திலேயே எழுதினாள்.

பதினெட்டு.

முத்திரை விழுந்தது. சிறுமிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். அறையில் காகிதமெல்லாம் பறந்தது. மருந்து நெடி அடித்தது.

"போலாமா?" தரகர் அவர் தோளைப் பிடித்தார். டாக்டர் உதறிப் பார்த்தார். முடியவில்லை. கடித்தார். தரகர் சிரித்தார். கோட்டு ஓரம் தடுக்கிவிட மழைக்குள் இழுபட்டுப் போனார். வழியில் ஆட்கள் நின்றார்கள், எல்லோரும் தெரிந்தவர்கள், கல்யாண வீட்டில் எழுந்து நின்று நாற்காலி காட்டியவர்கள். "காப்பாத்துங்க!" என்றார். ஒருவர் நகர்ந்து காருக்கு வழிவிட்டார். இன்னொருவர், "அவங்க வழக்கம்," என்று சொன்னது காதில் விழுந்தது.

பின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டு. தரகர் அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தக் கையை உயர்த்தினார். தங்க நிறச் சங்கிலிக் கடிகாரம் சரசரவென்று முழங்கை வரை இறங்கியது. தரகர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலே தள்ளிவிட்டார். மறுபடியும் இறங்கியது.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கிழட்டுக் கை. அவர் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. பிடித்த பிறகும் விரல் நிறைய மிச்சம் இருந்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றது குரல். "மூச்சை அடக்கிக்கோ. அசையாம இரு."