உள்ளங்கைக் கறை

காலையில் வீட்டுக் கதவு நறுமுகையின் உள்ளங்கையை நக்கியது. செவ்வாயின் நிலவான ஃபோபோஸில் இருந்த நிலையத்தில் எல்லாக் கதவுகளும் அப்படித்தான். ஈரத் தகடு வியர்வையைச் சுவைத்து, ஆளை அறிந்த பிறகே திறக்கும். சுவைக்கதவு என்று பெயர்.

கையை எடுத்தபோதுதான் பார்த்தாள். உள்ளங்கையில் மை சிந்தியதுபோல் கரும்பழுப்புத் திட்டு. கழுவியும் போகவில்லை. அரிப்பில்லை, வலியில்லை.

செவ்வாய்த் தரைக்கு ஆட்களைக் கொண்டு இறக்கும் கலத்தின் ஓட்டுநர் அவள். தோல் புற்று என்றால் உரிமம் போய்விடும். வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பியதில்லை.

நிலையத்தார் 'டப்பா' என்று அழைக்கும் எந்திர மருத்துவர் திட்டைச் சுரண்டி, உருப்பெருக்கியில் பார்த்தது.

"பூஞ்சை. மிக அபூர்வம். மேல்தோலைத் தாண்டாது. உப்பும் ஈரமும் இதற்குப் பிடிக்கும். கதவுகளைச் சந்தேகிக்கிறேன்."

"கலம் ஓட்டலாமா?"

"தாராளமாக. களிம்பு தருகிறேன்."

அந்த வாரமே, தரையிறங்கும் வழியில் புழுதிப் புயலில் வழிகாட்டும் கருவி செத்துப்போனது. நறுமுகை பதறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கையாலேயே ஓட்டிக் கலத்தை இறக்கினாள். பயணிகளில் ஒருவரான பாறை ஆய்வாளர் சவரிராயன் நன்றியோடு அவள் கையைப் பற்றியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ளங்கையில மச்சம்! அதான்யா பொழச்சோம்!"

"பூஞ்சைங்க அது."

"வெளிய சொல்லாதம்மா. பலிக்காமப் போயிடும்."

மச்சக் கதை நிலையம் முழுக்கப் பரவியது. சில வாரங்களில் களிம்பு வேலை செய்தது. கை வெளுத்தது. அடுத்த பயணத்தன்று கலத்தின் வாசலிலேயே கூட்டம் நின்றது. முன்னால் சவரிராயன்.

"மச்சம் எங்க?"

"மருந்து போட்டேன், போயிடுச்சு."

"யாரைக் கேட்டும்மா போட்ட?"

யாரும் ஏறவில்லை. ஆள் ஏறாத கலத்துக்கு ஓட்டுநர் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. நறுமுகை நேரே டப்பாவிடம் போனாள்.

"பூஞ்சையைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"நோயை உண்டாக்க எனக்கு அனுமதியில்லை. மை இருக்கிறது." அறுவைக்கு முன் தோலில் குறியிடும் பேனாவை நீட்டியது. "கறையோடு நீங்கள் இறக்கிய கலம் எதுவும் விழவில்லை."

"கறை வர்றதுக்கு முன்னாடியும் விழலையே, டப்பா."

"பயணிகளிடம் சொன்னீர்களா?"

"தொண்டை வத்தச் சொன்னேன்."

அவள் பேனாவை வாங்கி, தன் கையில் பழைய இடத்திலேயே திட்டை வரைந்து முடித்தாள். அவள் புறப்பட எழுந்தபோது டப்பா தன் உலோக உள்ளங்கையை விரித்து நீட்டியது.

"என்னைப் பழுதுபார்த்துக்கொள்ள இன்று நானும் உங்கள் கலத்தில்தான் தரைக்கு வருகிறேன். எனக்கும் ஒன்று வையுங்கள். சின்னதாகப் போதும்."