அடக்கிய துடிப்பு

பத்து எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாய் என்று தம்பி சொல்லியிருந்தான்; அவள் மனதுக்குள் பதினான்கைத் தாண்டியும் விழித்திருந்தாள். மயக்க மருந்து டாக்டர் அவன்தான். பித்தப்பையை எடுக்க வேறு எங்காவது போகிறேன் என்றவளை, "நான் இருக்கும்போது எதுக்குக்கா?" என்று கையோடு அழைத்து வந்தவனும் அவன்தான்.

இடது முழங்கைக்கு அடியில் விரிப்பு சில்லென்று நனைந்துகொண்டே வந்தது. தூக்க மருந்துக் குழாயின் இணைப்பு கழன்று, உடம்புக்குள் ஏற வேண்டியது மெத்தையில் வழிகிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை. தசைகளைத் தளர்த்தி உடம்பை அசையவிடாமல் செய்யும் ஊசி மட்டும் வலது கை வழியாக ஒழுங்காக ஏறியிருந்தது.

இமைகளை மூடி ஒட்டிய பிளாஸ்திரியின் பசை வாடைக்கும் கையுறையின் ரப்பர் வாடைக்கும் நடுவே, குளிர்ந்த இரும்பு ஒன்று பல்லில் உரசி, நாக்கை நெம்பித் தூக்கி, தொண்டைக்குள் வழி பண்ணியது. அதன் பின்னாலேயே குழாய் இறங்கியது. இருமல் வரவில்லை. குமட்டக்கூட முடியவில்லை. மூச்சை இயந்திரம் விட்டது.

அவளுடையதென்று மிச்சமிருந்தது இதயம் ஒன்றுதான். தலைக்கு மேலே பீப் பீப் என்று அது அலறியது. கேளுடா. நான் தூங்கலடா.

"டாக்டர், துடிப்பு நூத்தி நாப்பது. பிரஷர் இருநூறைத் தாண்டுது," என்றாள் நர்ஸ்.

"குழாய் போட்டா எகிறத்தான் செய்யும். அதுவும் எங்கக்கா, கரப்பான் பூச்சிக்கே ஊரைக் கூட்டுவா." தம்பி லேசாகச் சிரித்தான். "அடக்கிடலாம். துடிப்பைக் குறைக்கிற ஊசியை எடுங்க."

வேண்டாம்.

வலது கையில் மருந்து ஏறியது. பயம் துளியும் குறையவில்லை. இதயம் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பீப். பீப். இடைவெளி நீண்டது.

"எழுபத்திரெண்டு," என்றாள் நர்ஸ். "கண்ணு கசியுது, டாக்டர்."

"கண்ணுல போட்ட மருந்தா இருக்கும்." கட்டைவிரலால் துடைத்துவிட்டான். பாசமாகத்தான் துடைத்தான். "எல்லாம் அடங்கிடுச்சு. நீங்க ஆரம்பிங்க சார்," என்றான் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம்.

வயிற்றில் ஈரப்பஞ்சு ஓடியது. காய்ந்தது.

கத்தி இறங்கியது.

பீப். பீப். ஒரே சீராக. தலைமாட்டில் தம்பி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.