அனுமதிப் பட்டியல்

தெருவின் கடைசி வீடு அது. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். பின்னாளில் வைஃபை என்று ஒன்று வரப்போகிறது, அதை உள்ளே விடக்கூடாது என்று தெரிந்தே கட்டினார்களோ என்னவோ. வாசலைத் தாண்டியதும் வெயில் துண்டித்தது போல நின்றுவிட்டது. உள்ளே நீளமான நடை. நடையின் முடிவில் ஒரு மூடிய கதவு. எங்கிருந்தோ தைல வாசனை.

நான் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பெரிய வீரன் இல்லை. கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலியில் ஏறி நிற்கிற வகை. ஆனாலும் பட்டப்பகல் ஒன்றரை மணிக்குப் பயப்பட வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

வாசல் கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். "வாங்கண்ணா" என்பதற்கு முன்பே, "மூணு மணிக்குள்ள சரியாயிடும்ல?" என்றாள்.

"என்ன ஆச்சுன்னு சொல்லும்மா மொதல்ல."

"வைஃபை காட்டுது. ஆனா சேர மாட்டேங்குது. இன்னிக்கு வேலையில முதல் நாள். டாக்டருங்க பேசி அனுப்புறத டைப் பண்ற வேலை. மூணு மணிக்கு நான் உள்ள வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுக் கெடச்சிருக்கு."

"அரை மணி நேர வேலைம்மா," என்றேன். பல் மருத்துவரும் நானும் சொல்லும் பொய் இது.

கம்ப்யூட்டர் நடைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. அணைத்துப் போட்டேன். எங்கள் தொழிலில் பாதி அதுதான். மீதிப் பாதி, அணைத்துப் போட்டதை வாடிக்கையாளர் கவனிக்காமல் பார்த்துக்கொள்வது. ரவுட்டர் நடையில் ஸ்டூல் மேல் புத்தம்புதிதாக மின்னியது. நேற்றுதான் கம்பெனிக்காரர்கள் மாட்டினார்களாம். சிக்னல் முழுதாகக் காட்டியது. கடவுச்சொல் சரி. ஆனாலும் திரையில் அதே வரி: இணைக்க முடியவில்லை. என் போனைச் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் சேரவில்லை. செல்போன் சிக்னலோ ஜன்னலோரம் நின்றால் பேச மட்டும் போதும். கம்பியில் கொடுத்துவிடலாம் என்றால் கம்ப்யூட்டரில் கம்பி மாட்டும் துளை எப்போதோ இடி விழுந்து செத்திருந்தது.

சரி, கோளாறு ரவுட்டரில்தான். என் லேப்டாப்பை அதில் கம்பியால் மாட்டி, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அது மட்டும்தான் திறந்தது, இணையம் அதிலும் வரவில்லை. ரவுட்டருக்கு ஒரு பட்டியல் கொடுத்து, 'இதில் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடு' என்று சொல்லிவைக்கலாம். நேற்று வந்த ரவுட்டரில் அந்தப் பட்டியல் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

இல்லை.

'மகன் போன். இரவு 8 முதல் 9 வரை.'

'மகன் லேப்டாப். ஞாயிறு மட்டும்.'

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஸ்ட்ரிக்ட் போலிருக்கே. பையனுக்கு ஒரு மணி நேரம்தான் குடுத்திருக்காரு," என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து படித்தாள். 

"இது மாமா எழுதுறது," என்றாள். "என் மாமனார். முற்றுப்புள்ளிகூட அவரோடதுதான்."

"அவரைக் கூப்பிடுங்க, கேட்டுடலாம்."

"போன மாசம் போயிட்டாரு."

பழைய ரவுட்டர் அவர் பெயரில் இருந்ததாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவள் பெயரில் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். அவர் இருந்தவரை இந்த வீட்டில் இணையம் வேண்டுமென்றால் நடைக்கோடியில் அவர் அறைக் கதவருகே போய் நின்று கேட்க வேண்டும். கேட்டால் எழுதுவார். மகன், அதாவது இவள் புருஷன், கேட்டார், எழுதினார். வந்த விருந்தாளிகள் கேட்டார்கள், எழுதினார்.

"நீங்க?"

"நான் கேக்கல."

பழைய ரவுட்டரின் நினைவு எப்படியோ இதில் ஏறியிருக்கும் என்று எனக்கே புரியாத ஒரு விளக்கத்தை அவளுக்குச் சொன்னேன். பட்டியலை அழித்தேன். குண்டூசியால் ரவுட்டரின் பின்துளையைப் பத்து விநாடி அழுத்தி, பிறந்த குழந்தையாக ஆக்கினேன். திரும்பப் பக்கத்தைத் திறந்தேன். பட்டியல் காலி. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

டக்.

நடைக்கோடியிலிருந்து வந்தது. பல்லியாக இருக்கும்.

டக். டக்.

திரையில், காலியாக இருந்த கட்டத்தில், ஒரு 'ம' வந்தது. பிறகு 'க'. நான் விசைப்பலகையிலிருந்து கைகளைத் தூக்கினேன். போலீஸ் துப்பாக்கி நீட்டினால் தூக்குவது போல இரண்டையும்.

டக்.

'மகன் போன்.'

"எலியா இருக்குமோ?" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையது போலக் கேட்டது.

"அவரு ஒத்தை விரலாலதான் டைப் பண்ணுவாரு," என்று கிசுகிசுத்தாள்.

நடையில் நடந்து போய் அந்தக் கதவைத் திறந்தாள். நானும் போனேன், தனியாக ஸ்டூல் பக்கம் நிற்பதைவிட அது மேல் என்று பட்டது. அறையில் இரும்புக் கட்டில். ஒரு மேசை. மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அதைப் போன வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். தைல வாசனை இங்கேதான் கனமாக நின்றது. சத்தம் நின்றிருந்தது.

கதவைச் சாத்தினாள்.

டக்.

இரண்டு நாற்பது. அவள் ஜன்னலோரம் போய்ப் புருஷனை அழைத்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அவர் ஏதோ ஆபீஸ் சந்தடியில் இருந்தார்.

"ஏங்க, நெட்டு வர மாட்டேங்குது."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

சந்தடி மட்டும் கேட்டது. பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"ச்சே... நான் என்ன பேசுறேன். மன்னிச்சுக்கோ. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.  இருபது வருடத் தொழில் அனுபவத்தை எல்லாம் திரட்டி நான் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனை இதுதான்:

"கேட்டுடேம்மா. என்ன போச்சு?"

"உயிரோட இருந்தப்பவே கேக்கலண்ணா." திரும்பவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு வேலை வந்துச்சு. அவ வந்து கேக்கட்டும், தரேன்னாரு. சம்பாதிக்கப் போறதுக்கு நான் எதுக்குப் பர்மிஷன் கேக்கணும்னு நானும் போகல. வேலை போயிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல. சோறு வெப்பேன், சாப்பிடுவாரு. அவ்ளோதான்."

டக்.

"கடைசி பத்து நாள் நான்தான் பாத்துக்கிட்டேன். தைலம் தேச்சு விடுவேன். அவருக்குப் பேச்சு வரல. ஆனா ஒத்தை விரல் மட்டும் படுக்கையில தட்டிக்கிட்டே இருக்கும். நரம்புத் தளர்ச்சின்னு டாக்டர் சொன்னாரு." அவள் மூடிய கதவைப் பார்த்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

 இந்த மாதிரி நேரத்தில் ஜோக் அடித்துத் தப்பிக்கிற ஆள் நான். இந்த முறை வயர் ஒன்றை எடுத்துச் சும்மா சுற்றினேன்.

இரண்டு ஐம்பத்தைந்து.

அவள் நடையில் நடந்தாள். கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். உயிரோடு இருக்கிறவர் முன்னால் நிற்பது போலத்தான்.

சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பது போல.

"மாமா," என்றாள்.  "நான் கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன். எனக்கு மூணு மணிக்கு வேலை ஆரம்பிக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கும் சொல்லிட்டாவது போயிருக்கலாம். சொல்லல. நீங்களும் கூப்பிடல."

ஒன்றும் நடக்கவில்லை.

தைல வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்து, அவளைத் தாண்டி, என் பக்கம் வந்தது.

டக்.

நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன்.

டக். டக். டக்.

'மருமகள் கம்ப்யூட்டர்.'

நேரம் எழுதும் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நின்றது. நானும் அதனுடன் சேர்ந்து நின்றேன். மின்னியது. மின்னியது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. நேரக் கட்டம் காலி. காலியாக விட்டால் வரம்பே கிடையாது. எந்நேரமும் விடலாம் என்று அர்த்தம்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

அவள் ஓடினாள். மூன்று அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பத்து விரலாலும் அடிக்க ஆரம்பித்தாள். மழை போல அடித்தாள். இந்தப் பெண்ணையா இரண்டு வருடம் உட்கார வைத்தார்கள் என்று இருந்தது. நேரக் கட்டத்தை அவர் காலியாக விட்டிருக்கிறார் என்பதை, இவள் வேலை முடிந்த பிறகு போனில் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நேரில் சொன்னால் நானும் அழுதுவிடுவேன். அது தொழிலுக்கு நல்லதில்லை.

லேப்டாப்பை மூடப் போனேன்.

டக். டக்.

'ரிப்பேர்காரர் போன். 10 நிமிடம்.'

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வைஃபையில் சேர்ந்திருந்தது. மனுஷன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார். நான் இரண்டே நிமிடத்தில் குண்டூசி வரை பொறுக்கிப் பையில் போட்டு, கம்பியைப் பிடுங்கி, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அங்கே நின்றேன். உள்ளே இரண்டு சத்தங்கள் கேட்டன. ஒன்று அவளுடையது, விடாத மழை. இன்னொன்று நடைக்கோடியிலிருந்து, சொட்டுச் சொட்டாக. நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் எழுத இனி யாரும் பாக்கி இல்லை. இரண்டு வருடப் பேச்சுதான் பாக்கி. அவர் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் தட்டுவதை ஒரு கணம் நிறுத்தினாள்.

அந்தச் சத்தமும் நின்றது.

அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

டக்.