வெள்ளை வேட்டியில் நீலம்

தும்மலை வைத்தே திருடனைக் கண்டுபிடித்தவர் என்று காக்ஸ் டவுனில் துப்பறியும் சந்தானத்துக்குப் பெயர். அந்தத் திருடன் இன்றைக்கும் பண்டிகைதோறும் அவருக்கு மூக்குப்பொடி அனுப்புகிறான். அப்பேர்ப்பட்டவர் எதிரே உட்கார்ந்து கிருத்திகா ஒரு மாத்திரைப் பட்டையை நீட்டினாள்.

"என் மாமனாருக்கு மாடி ஏறினா நெஞ்சுவலி வரும் சார். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை நான்தான் எடுத்துக் குடுப்பேன். மூணு வருஷமா வச்ச கொஞ்ச நேரத்துல வலி அடங்கிடும். இந்த மாசம் ரெண்டு தடவை அப்படியே சுருண்டு விழுந்துட்டார். நான் விஷம் வைக்கிறேங்கறார். நாளைக்குப் போலீசுக்குப் போறாராம்."

சந்தானம் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். எந்தக் குழியையும் யாரும் பிரித்து ஒட்டியதாகத் தெரியவில்லை.

"விழுந்த அன்னைக்கு வேற ஏதாவது தகராறு?"

"வேட்டிக்கு நீலத்தைக் கொட்டிட்டேன்னு ரெண்டு நாளும் திட்டினார். நான் நீலமே போடறதில்ல சார்."

"நீலத்துலதான் சார் விஷம்" என்றார் உதவியாளர் ஆண்ட்ரூ, எழுதிக்கொண்டே.

"போடவே இல்லைங்கறாங்கப்பா. அடிச்சுடு அதை."

வீட்டில் மாமனார் கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி சொர்ணம்.

"கொலைகாரியே துப்பறியறவரைக் கூட்டிட்டு வந்திருக்கா. பாருங்க, இன்னைக்கும் நீலம்" என்று கோதண்டராமன் தன் வேட்டியைக் காட்டினார்.

வேட்டி பளீர் வெள்ளையாக இருந்தது.

"நீலம் வேட்டியில இல்ல சார், உங்க கண்ணுல" என்றார் சந்தானம். "ஆம்பளைங்க வெளிய சொல்லாம வாங்கற மாத்திரை ஒண்ணு, சில பேருக்குக் கண்ணை அப்படிப் பண்ணும். ரோட்டோரக் கூடாரத்துல அதைப் பொடிச்சு லேகியத்துல கலந்து விக்கிறாங்க. எப்ப சாப்பிட்டீங்க?"

சொர்ணத்துக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிட்டது.

"மூலிகைன்னுதான் சொன்னான்" என்று முனகினார் கோதண்டராமன். "காலையில ஒரு உருண்டை."

"அது உடம்புல இருக்கறப்ப இந்த நெஞ்சுவலி மாத்திரையை வச்சா, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிடும். ரெண்டு தடவை பிழைச்சதே பெரிசு."

வெட்கத்தில் விருட்டென்று எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வியர்த்துக் கொட்டியது.

"மாத்திரை... குடு."

பட்டை கிருத்திகாவின் உள்ளங்கையில் இருந்தது. கொடுத்தால் உயிர் போகலாம். கொடுக்காமல் போனாலும் போகலாம். அப்போது ஊருக்கு அவள்தான் கொலைகாரி. விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"தர மாட்டேன் மாமா."

ஆண்ட்ரூ அதற்குள் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் குனிந்து, "இன்னைக்கு என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

கோதண்டராமன் கூரையைப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"என் மருமகளைக் கேளுங்க" என்றார். "அவ சொல்றதுதான் சரி."