பாப்பா வர்ற வரைக்கும்

மணிமொழி பைக்குள் கைவிட்டு வறுத்து உப்புப் போட்ட மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்துக் கூடத்துக் கட்டில் மேல் வைத்தாள். பிறகு மிளகாய்த்தூள். பிறகு களி கிண்டுவதற்கான கேவுரு மாவு. கடைசியாக, அண்ணி அருணாதேவி ஒரு வாரமாக மொட்டைமாடியில் காக்கை கொத்தாமல் காவல் இருந்து காயவைத்த வெங்காய வடகம்.

"வெயிட்டு ஜாஸ்தி ஆயிடும். ஏழு கிலோவுக்கு மேல விடமாட்டாங்க," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அருணாதேவிக்கு, அது தனக்குச் சொல்லப்பட்டது என்று புரிந்தது. விடிந்தும் விடியாததுமாக அந்தப் பையைத் தெருமுனை மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்துப் பார்த்தவள் அவள்தான். எல்லாம் சேர்ந்து ஏழு கிலோவுக்கு இருநூறு கிராம் கம்மி. அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. காரணம் எடை இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

மணிமொழி அவளுடைய நாத்தனார். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. அப்பாவின் மூன்றாம் வருஷக் காரியத்துக்காக வந்து, வேங்கிக்காலில் இருக்கும் இந்த அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கினாள். பத்து நாளும் அண்ணனோடு பேசினாள், அக்கம்பக்கத்தில் பேசினாள். அண்ணியிடம் மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில். அதுவும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

இன்று கிளம்புகிறாள். மாலை ஐந்தரைக்குச் சென்னையில் விமானம். பத்து மணிக்குக் கார் வந்துவிடும். ராஜேந்திரன் உரக்கடைக்கு லீவு விட்டுவிட்டு, தங்கையை விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவரத் தயாராகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் இருந்தது. படித்ததாகத் தெரியவில்லை.

அருணாதேவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"பாப்பா… செக்-இன் போட்டுட்டியா?"

மணிமொழியின் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினாள். பத்து நாளில் முதல் முறையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"செக்-இன்னைப் பத்தி நீங்க கேக்கறீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்த வார்த்தையை என் முன்னாடி சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துது? அன்னைக்கு அந்த ஏர்போர்ட்டுல நான் எத்தனை பேரு கால்ல விழுந்தேன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு ராத்திரி… ஒரே ஒரு ராத்திரி எங்கப்பாவை வெச்சிருக்க முடியல உங்களால. மூஞ்சியைக்கூடப் பாக்க விடாம எடுக்க வெச்சீங்க. இப்ப வந்து செக்-இன் போட்டுட்டியான்னு கேக்கறீங்க."

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. ராஜேந்திரன் எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறவர் போல இருந்தது. ஆனால் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போனாள். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள்.

அடி அண்ணாமலையில் இருந்த மாமனார் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது வயது இருபது. தாயில்லாத மணிமொழிக்கு அப்போது எட்டு. தலை வாரி, சாதம் ஊட்டி, வயதுக்கு வந்தபோது பக்கத்திலேயே படுத்து, அவளை வளர்த்தவள் அண்ணிதான். ஒருமுறை மணிமொழிக்கு டைபாய்டு வந்தபோது, தன் எட்டு மாதக் குழந்தையைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். பால் கட்டி ஜுரம் வந்ததைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸிங் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் அழுதபோது, மாமனார் இருசப்பனிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு பௌர்ணமியன்று விடியற்காலையில், இருசப்பன் அடி அண்ணாமலை வீட்டு மாட்டுக் கொட்டகை அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்ட மணிமொழி, அங்கிருந்து கிளம்பும் முதல் விமானத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள். கட்டணம் குறைந்த விமானம் அது. விமான நிலையத்தில் அந்தக் கம்பெனிக்குக் கவுன்ட்டரே இல்லை. இரண்டு மெஷின்கள் நின்றன. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டை நீட்டினால் யாராவது சீட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். இப்போது எல்லாம் போனிலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கவுன்ட்டரைத் தேடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒருவழியாக மெஷினிடம் வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று அது காட்டியது. அந்தப் பக்கம் வந்த சீருடைக்காரர்களிடம் எல்லாம் கெஞ்சினாள். விமானம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. யாரும் உள்ளே விடவில்லை.

அடுத்த விமானம் இரவில்தான் கிடைத்தது. மறுநாள் காலை அவள் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் எடுக்கச் சொன்னது என்று அவள் கதறினாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், உங்க அண்ணிதான் என்றார்.

பக்கத்தில் நின்ற அருணாதேவி வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் இப்போது மணிமொழி போனோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு செக்-இன் வேலையை அவள் தொட்டதே கிடையாது. எப்போதும் அவள் புருஷன்தான் செய்வான். இந்த முறை அவனைத் திடீரென்று பாலைவனத்தில் ஏதோ வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றிலிருந்து அவன் போனுக்கு லைன் போகவில்லை. விமானக் கம்பெனியிலிருந்து மட்டும் மெயில் மேல் மெயில் வந்துகொண்டிருந்தது. கைப்பையோடு வாருங்கள், பெட்டி என்றால் தனிக் கட்டணம், செக்-இன் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே முடிந்துவிடும், விமான நிலையத்தில் கவுன்ட்டர் வசதி இல்லை.

செயலியைத் திறந்தால் ஓ.டி.பி. கேட்டது. அது அவளுடைய மஸ்கட் நம்பருக்குப் போகும். அந்த சிம் இங்கே வந்த நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே கட்டம். நாலாவது முறை அவள் விரல் தப்பான இடத்தில் பட்டுத் திரை மூடிக்கொண்டது.

"அண்ணா… போகல. உள்ளயே போகல. ஒன்றரைக்குள்ள போடணும். அதுக்குள்ள நாம வழியில இருப்போம்." போனை அண்ணனிடம் நீட்டினாள். "நாளைக்கு டூட்டியில சேரலைன்னா வேலை இல்ல அண்ணா. மறுபடியும் அங்க போயி அப்படி நிக்க என்னால முடியாது…"

ராஜேந்திரன் போனை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குப் பேசலாம் என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

அருணாதேவி உள்ளறைக்குப் போய், பீரோவைத் திறந்து, மடித்த ஒரு காகிதத்தோடு வந்தாள். மணிமொழியின் மடியில் அதை வைத்தாள்.

போர்டிங் பாஸ். மணிமொழியின் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே. விமான நம்பர், தேதி, ஜன்னலோரச் சீட்டு.

"முந்தாநாளே போட்டுட்டேன் பாப்பா. உம் புருஷன் அண்ணன் போனுக்கு அனுப்பின டிக்கெட்டுல நம்பர் இருந்துது. பட்டா மாத்தக் குடுத்த பாஸ்போர்ட் நகலும் வீட்டுல இருந்துது. அந்த ஆப்புலதான் ஓ.டி.பி. கேக்கும். கம்ப்யூட்டர்ல கேக்காது. நீ போட்டிருந்தா சரின்னுதான் கேட்டேன்."

மணிமொழி காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அண்ணி. இங்கிலீஷ் போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அருணாதேவி கலெக்டர் ஆபீஸ் எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் தேவிப்பிரியாவிடம் போய் உட்கார்ந்தது, மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். இந்தப் பிளேனில் ஏறுவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடு என்று கேட்டாள். ஒரு மாதம், மத்தியான வேளைகளில் போய்ப் போய்க் கற்றுக்கொண்டாள். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிற, தெருவில் உள்ள பிள்ளைகள் இப்போது அவளிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்.

"அன்னைக்கு நீ கிளம்பறேன்னு போன் பண்ணினப்ப நான்தானே எடுத்தேன். எனக்கு இது தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீ வந்து சேர்ந்திருப்பே."

மணிமொழியின் புருவம் சுருங்கியது.

"எங்கப்பாவைச் சீக்கிரம் எடுத்துடணும்னு நின்னவங்க, எதுக்கு இதைப் போய்க் கத்துக்கணும்?"

டிபன் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு அருணாதேவி நகரப் பார்த்தாள். மணிமொழி விடவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா?"

ராஜேந்திரன் சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"எடுக்கச் சொன்னது அவ இல்ல பாப்பா," என்றார். "நான்தான்."

"இப்ப எதுக்குங்க அது… கார் வர்ற நேரம்," என்று அருணாதேவி குறுக்கே வந்தாள்.

"நீ இரு. மூணு வருஷமா நான் வாயை மூடிக்கினு நின்னது போதும்."

அவர் சொன்னார். அன்று பௌர்ணமி. சாயங்காலம் ஆனால் கிரிவலப் பாதையில் லட்சம் பேர் நடப்பார்கள். அடி அண்ணாமலை வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் போக அந்தப் பாதையைக் கடக்க வேண்டும். நாலு மணிக்குள் எடுத்துவிடு, இல்லாவிட்டால் மறுநாள் மத்தியானம்தான் என்று பெரியப்பா காசியும் பங்காளிகளும் சொன்னார்கள். ஐஸ் பெட்டி இருந்தது. மறுநாள் வரை வைத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்று சொன்னபோது, அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டார்.

"இவ ஒருத்திதான் ஒத்துக்கல. பாப்பா வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னா. கேக்கலைன்னதும் நிலைப்படிக்குக் குறுக்கால படுத்துக்கினா. என்னைத் தாண்டி எடுத்துக்கினு போங்கன்னா. சாவு வீட்டுல, ஊரே பாக்கறப்ப…" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அவளை அடிச்சேன் பாப்பா. முடியைப் பிடிச்சு இழுத்து அந்தாண்ட தள்ளிட்டுத்தான் அப்பாவை எடுத்தோம். மறுநாள் நீ வந்து கேட்டப்ப, உன் மூஞ்சியைப் பாத்து நான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவ பேரைச் சொல்லிட்டேன். அவ மறுத்துப் பேசுவான்னு நெனச்சேன். பேசல."

மணிமொழி எழுந்து நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்த பார்வையில் ஈரம் இல்லை. அருணாதேவியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சொல்லல? மூணு வருஷமா நான் என்னென்ன பேசினேன்… போன்ல, சொந்தக்காரங்க எதிர்ல… எல்லாத்தையும் கேட்டுக்கினு ஏன் நின்னே?"

இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததைச் சொல்லவும் அருணாதேவிக்கு நிதானமாகத்தான் வந்தது.

"உனக்கு அம்மா இல்ல. அப்பாவும் போயிட்டாரு. கூடப் பொறந்தது இவரு ஒருத்தர்தான். என் மேல கோவம்னா, அண்ணனைப் பாக்கவாச்சும் இந்த வீட்டுக்கு வருவே. இவரு மேலயே கோவம்னா, நீ எந்த வீட்டுக்கு வருவே பாப்பா?"

மணிமொழி அவள் காலடியில் அப்படியே சரிந்தாள். புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்ன வயதில் அழுகிற மாதிரி, மூச்சு விட்டு விட்டு அழுதாள். சின்ன வயதிலிருந்து வா போ என்று உரிமையோடு பேசிய நாத்தனார், மூன்று வருஷமாக 'நீங்க' என்று தள்ளி வைத்திருந்தாள். அது எந்த நிமிஷத்தில் உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ என்னை ரெண்டு அறை அறைஞ்சு சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி…"

"எழுந்திரு. அழுதுகினே பிளேன் ஏறுவியா? மூஞ்சி வீங்கிடும்," என்றாள் அருணாதேவி. ஆனால் அவளும் நிற்கவில்லை. அந்தத் தலையை விடாமல் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாவு வீட்டில் அழ முடியாமல் போன அழுகை அவளுக்கும் மீதி இருந்தது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

ராஜேந்திரன் பையைத் தூக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்தார். வழக்கம் போல முன் சீட்டில் ஏறப் போனவர், என்ன நினைத்தாரோ, கதவைப் பிடித்தபடியே நின்றார். மணிமொழி முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையில் காகிதம். இன்னொரு கையில் அண்ணியின் கை.

"அண்ணி வரட்டும்," என்றாள்.

அருணாதேவி பதறினாள். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது, கட்டியிருப்பது பழைய புடவை, சென்னைக்கு எப்படி இப்படியே வருவது என்றாள். மணிமொழி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளைப் பின் சீட்டில் ஏற்றி, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். ராஜேந்திரன் கதவைச் சாத்தினார். கேட்டுக்கு அருகே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதில் திடீரென்று கிழவராகிவிட்டவர் போல இருந்தார்.

கார் நகர்ந்தது. அருணாதேவி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு மணிமொழியைப் பார்த்தாள்.

பத்தடி போவதற்குள், மணிமொழி டிரைவரை நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கினாள். கேட்டருகே நின்ற அண்ணனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இட்லி இருக்குது. சாப்பிட்டுடு அண்ணா," என்றாள். "அண்ணி வர நேரமாவும்."